மான்ஸ்டர் ஃபிகர் வாங்கறதுக்கு முன்னாடி பண்ணக்கூடாத தப்புங்க, வேலூர் வெயிலயும் கணக்குல வச்சி

டிராகன், மினோட்டார், கொம்பு வச்ச அரக்கன்னு மான்ஸ்டர் ஆக்‌ஷன் ஃபிகர் (கை கால் அசையற பொம்மை) சேக்கறவங்க நம்ம வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கமும் கீறாங்க. காலேஜ் முடிச்சிட்டு ஊருக்கு கெளம்பற பசங்ககிட்ட செகண்ட் ஹேண்ட்ல நல்ல பீஸ் கூட கெடைக்குது. ஆனா முக்காவாசி பேரு மூஞ்சிய மட்டும் பாத்துட்டு காச குடுத்துடறாங்க. மூஞ்சி நல்லா இருக்கணும்தான், அதுக்கு மேல அது சொந்தக் கால்ல நிக்குமா, நம்ம ஊரு மே மாசத்த தாங்குமாங்கற ரெண்டு கேள்விக்கும் பதில் தெரியாம வாங்காதீங்க.

மனுஷ ஃபிகர பாக்கற மாதிரியே மான்ஸ்டரயும் பாக்கறதுதான் பெரிய தப்பு. ரெக்கை, கொம்பு, கையில பெரிய கோடாலின்னு எடை மொத்தமும் மேலயும் பின்னாலயும் ஏறிகினு இருக்கும், கீழ பாத்தா சின்ன குளம்பு, அதுக்கு மேல ஒத்த கணுக்கால் ஜாயிண்ட், அம்புட்டுதான். விக்கறவங்க போட்டோவுல பின்னால செவுரோ டிரான்ஸ்பரன்ட் ஸ்டாண்டோ முட்டு குடுத்திருக்கும், அது உங்க கண்ணுக்கு தெரியாது. நேர்ல பாக்கறீங்கன்னா ஸ்டாண்ட எடுத்துடுங்க, ஆயுதத்த கையில குடுங்க, ரெக்கைய முழுசா விரிங்க, சமமான டேபிள்ல நிக்க வச்சிட்டு கொஞ்ச நேரம் பேசிகினு இருங்க. வச்ச உடனே எல்லாமே நிக்கும், அரை மணி நேரத்துல மெல்ல முன்னாடி சாயுதான்னு பாருங்க. ஆன்லைன்ல வாங்கறீங்கன்னா வெட்டாத வீடியோ ஒண்ணு கேளுங்க, அனுப்ப மாட்டேன்னா விட்டுடுங்க.

வெயில் சமாச்சாரத்துக்கு வருவோம். ரெக்கை, முதுகு முள்ளு, மயிர், துணி மாதிரி தொங்கறதெல்லாம் பெரும்பாலும் மெத்துன்னு இருக்கற பிவிசி, ஜாயிண்ட் உள்ள இருக்கறது ஏபிஎஸ் மாதிரி கெட்டி பிளாஸ்டிக். கத்திரி வெயில்ல 40 டிகிரி தாண்டறது நமக்கு சாதாரணம், ஷீட் போட்ட மாடி ரூமுன்னா கேக்கவே வேணாம். அந்த சூட்டுல பிவிசி தொங்கிப்போவும், கத்தி வளையும், மெல்லிசான கணுக்கால் எடை தாங்காம மடங்கும். இதுல ரெண்டு விதமா ஏமாறுவாங்க. வளைஞ்ச ரெக்கைய பாத்து உடைஞ்ச பீஸுன்னு ஒதுக்கறது ஒண்ணு, ஆனா நல்ல சூடான தண்ணியில (கொதிக்கற தண்ணி வேணாம்) கொஞ்ச நேரம் வச்சி நேராக்கி ஐஸ் தண்ணியில முக்கினா பெரும்பாலும் சரியாயிடும், அதனால அத விலை கொறைக்க காரணமா வச்சிக்கலாம். இன்னொண்ணு, தொட்டா பிசுபிசுன்னு ஒட்டுதுன்னா டூப்ளிகேட்டுன்னு முடிவு கட்டறது. பிவிசிய மெத்துன்னு ஆக்க சேக்கற எண்ணெய் மாதிரியான கெமிக்கல் சூட்டுலயும் காத்தாடாத பாக்ஸ்லயும் வெளிய கசியும், ஒரிஜினலுக்கும் அது நடக்கும். பாத்திரம் கழுவற சோப்ப தண்ணியில கலந்து லேசா கழுவினா போவும், நாளானா திரும்ப வரும். கவலைப்பட வேண்டியது எதுக்குன்னா, மெத்துன பாகம் கெட்டி பிளாஸ்டிக் மேல பல வருஷம் ஒட்டிகினே இருந்து அத அரிச்சிருந்தா. அந்த தழும்பு போவாது.

ஜாயிண்ட்ட படக்குன்னு திருப்பி பாக்காதீங்க தயவுசெஞ்சி. பெயிண்ட் ஒட்டி இறுகியிருக்கற முட்டி அப்படியே முறிஞ்சி கையோட வந்துடும். வெள்ளை வெள்ளையா கோடு தெரியுதான்னு முதல்ல பாருங்க, அது பிளாஸ்டிக் விட்டுப்போற அடையாளம். ஜாயிண்ட் சுத்தி பளபளன்னு வளையம் இருந்தா லூசான எடத்துல யாரோ பசை வச்சிருக்காங்க. இறுகினது எளக தேங்காண்ணெ விடாதீங்க, வெந்நீரோ சிலிகான் ஆயிலோ போதும்.

ஸ்கல்ப்ட், அதாவது செதுக்கின வடிவம், நல்லா இருக்கான்னு எப்படி பாக்கறது? கோட்டைக்குள்ள ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துக்கு போயி அந்த தூணுங்கள்ல இருக்கற யாளிய பொறுமையா பாருங்க. முன்னால நின்னாலும் பக்கத்துல நின்னாலும் வாய், பல்லு, நகம் எல்லாம் உருவமா வேலை செஞ்சிருக்கும், பெயிண்ட்ட நம்பி எதுவும் இல்ல. மட்டமான ஃபிகர்ல பல்லு வெள்ளை கோடா இருக்கும், செதிலு முன்பக்கம் மட்டும் இருக்கும், முதுகு மொழுக்குன்னு கெடக்கும். திருப்பி பாருங்க, அவ்ளோதான்.

சைஸுல ஏமாறாதீங்க. 1:12 ஸ்கேல்னா ஆறடி ஆளு 6 இஞ்ச், அப்போ பத்தடி ராட்சசன் 10 இஞ்ச் இருக்கணும். 1:18னா அதே ஆளு 4 இஞ்ச்தான். "6 இஞ்ச் சீரிஸ்"னு போட்டிருந்தா அது சாதாரண ஆளு ஃபிகரோட உயரம், மான்ஸ்டரோடது இல்ல, தனியா கேளுங்க.

கால்லயோ முதுகுலயோ இருக்கற வருஷத்த தயாரிச்ச வருஷம்னு நெனைக்கறதும் தப்பு. அது காப்பிரைட் வருஷம், அதே அச்ச பின்னாடி பல வருஷம் ஓட்டுவாங்க. 1982ல வந்த ஹீ-மேன் வரிசையில பீஸ்ட் மேன் மாதிரி பொம்மைங்கள்ல 1980களோட வருஷம் இருந்தாலே பழசுன்னு காச கொட்டாதீங்க. ஐஎஸ்ஐ முத்திரை இல்லாததெல்லாம் போலின்னும் சொல்ல முடியாது, பொம்மைக்கு அது இங்க கட்டாயமானது 2021 ஜனவரியிலதான், அதுவும் பாதுகாப்புக்கான முத்திரை, ஒரிஜினலுக்கான சான்று இல்ல. கலர் வேறயா இருந்தா போலிங்கறதும் இதே கதைதான். ராணிப்பேட்டையில ஃபேக்டரி வச்சிருக்கற ஃபன்ஸ்கூல், அமெரிக்க கம்பெனி ஹாஸ்ப்ரோவோட லைசன்ஸ்ல இந்தியாவுல போட்ட ஜி.ஐ.ஜோ சிப்பாய் பொம்மைங்கள்ல அமெரிக்க கலருக்கு சம்பந்தமே இல்லாத பீஸுங்க உண்டு, அதயே தேடி வாங்கறவங்க இருக்காங்க.

மித்திக் லீஜியன்ஸ் மாதிரி ஃபிகர் வரிசைங்கள்ல தலை, கை, கால் எல்லாம் கழட்டி மாத்தற மாதிரிதான் பண்ணியிருப்பாங்க, அதனால செகண்ட் ஹேண்ட்ல ரெண்டு மூணு ஃபிகரோட பாகம் கலந்து ஒண்ணா வரும். கம்பெனி போட்டோவ பக்கத்துல வச்சிகினு ஒவ்வொரு பாகமா ஒத்துப் பாருங்க, கத்தி, கேடயம், மாத்து கைங்க எண்ணிக்கையும் சேத்து. ஒரு கத்தி காணோம்னா அத தனியா தேடி வாங்கற செலவு சில சமயம் பாதி ஃபிகர் விலைக்கு வந்து நிக்கும்.

விலைய பொறுத்த வரைக்கும், டாலர் ரேட்ட ரூபாயில பெருக்கிட்டு கடைக்காரர் கொள்ளை அடிக்கறாருன்னு சண்டைக்கு போறது நியாயமில்ல. பொம்மை இறக்குமதி வரி 20 சதவீதமா இருந்தது 2020ல 60 ஆச்சு, 2023ல 70 ஆச்சு, அதுக்கு மேல ஜிஎஸ்டி, கப்பல் செலவு வேற. அதே சமயம் ஒருத்தர் லிஸ்ட்டிங்ல கேக்கற விலைய மார்க்கெட் விலைன்னு எடுத்துக்காதீங்க. உண்மையில வித்து முடிஞ்ச விலைங்கள நாலஞ்சு பாத்து, பாக்ஸோட வித்ததா, பாக்ஸ் இல்லாம லூஸா வித்ததா, எல்லா ஆயுதமும் இருந்துச்சான்னு பிரிச்சி வச்சிகினு அப்புறமா பேரம் பேசுங்க.