இருபது வருடம் கழித்து ஊதுகிறவருக்கு எந்த டிரம்பெட்?

காசு சேர்த்து நான் வாங்கிய முதல் 'நல்ல' டிரம்பெட் என்னிடம் ஏழு வாரம்தான் தங்கியது. கடையில் பத்து நிமிடம் ஊதிப் பார்த்தேன். குழாயின் உள்விட்டம், போர் என்பார்களே, அது பெரியது: 0.462 அங்குலம். பெல், அதாவது முன்னால் விரியும் வாய், கனமானது. சத்தம் அறையை நிறைத்தது. கூட வந்த மகளும் "அப்பா, இதுதாம்பா" என்றாள். அடுத்த வாரம் பேண்டு ஒத்திகையில் முக்கால் மணி நேரம் தாண்டியதும் உதடு செத்துவிட்டது. இசைக்குறிப்பின் கோடுகளுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் ஜி-க்கு ஊதினால் காற்றுதான் வந்தது.

அந்தக் கருவியில் ஒரு குறையும் இல்லை. தினமும் நாலு மணி நேரம் ஊதுகிறவருக்கு அது அருமையான துணை. நானோ 22 வருடம் பெட்டியையே திறக்காமல் இருந்துவிட்டு, மறுபடி ஊத ஆரம்பித்து ஐந்து மாதம் ஆன ஆள். கல்லூரி நாளில் ஊதிய அந்தப் பையனுக்கு நான் டிரம்பெட் வாங்கியிருந்தேன். அவன் இப்போது இல்லை.

என்னைப் போலத் திரும்பி வந்தவர்களுக்கு முதலில் சொல்வது: புதுசு தேடுவதற்கு முன்னால் பழசைச் சுத்தம் செய்யுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பு, வளையும் பிரஷ், இவ்வளவு போதும். (வெந்நீர் வேண்டாம், பித்தளை மேலுள்ள லாக்கர் பூச்சு உரிந்துவிடும்.) என் லீட்பைப்பில், அதாவது ஊதும் முனையிலிருந்து தொடங்கும் முதல் குழாயில், பிரஷை விட்டு இழுத்தபோது கரும்பச்சையாக ஒரு சகதி அரை ஸ்பூன் அளவுக்கு வந்தது. அதன் வழியாகத்தான் அத்தனை மாதமும் ஊதிக்கொண்டு, "கருவி அடைத்த மாதிரி இருக்கு" என்று புலம்பியிருக்கிறேன்.

அடுத்து, விரலால் அழுத்தும் வால்வின் ஃபெல்ட். வால்வு எவ்வளவு உயரம் எழும்ப வேண்டும், எவ்வளவு இறங்க வேண்டும் என்பதை அந்தச் சின்னக் கம்பளி வளையங்கள்தான் தீர்மானிக்கின்றன. அவை நசுங்கிப்போனால், வால்வில் ஏறி இறங்கும் பிஸ்டனில் உள்ள துளையும் உறையில் உள்ள துளையும் நேருக்கு நேர் நிற்காது. காற்று போகும் பாதையில் ஒரு சின்னப் படி விழுந்துவிடும். பழுது பார்ப்பவரிடம் கொடுத்து ஃபெல்ட் மாற்றி, வால்வைச் சரிமட்டம் பார்க்கச் சொல்லுங்கள். என் புகாரில் பாதி இந்த இரண்டு வேலையோடு தீர்ந்தது.

மீதிப் பாதியை ஒரு நோட்டில் எழுதினேன். ஒன்று, 1, 3 வால்வுகளை அழுத்தி ஊதும் கீழ் டி, மூன்றையும் அழுத்தும் சி ஷார்ப், இரண்டும் சுருதி ஏறி நிற்கின்றன. சுருதியை இறக்க இழுத்து நீட்டும் குழாயான மூன்றாவது ஸ்லைடு இறுக்கம், சமயத்துக்கு நீட்ட முடியவில்லை. இரண்டு, மெதுவாகத் தொடங்கினால் ஸ்வரம் உடனே பேசுவதில்லை, ஒரு 'ஃபூ' வந்த பிறகுதான் வருகிறது. மூன்று, மேல் ஸ்தாயி மெலிந்து ஒலிக்கிறது. நோட்டோடு போய் எங்கள் பேண்டில் முதல் டிரம்பெட் ஊதும் அண்ணனிடம் கருவியைக் கொடுத்தேன். அவர் தன் மௌத்பீஸை, அதாவது உதட்டில் வைத்து ஊதும் கிண்ணம் போன்ற துண்டை, செருகினார், கோடுகளுக்கு மேலே உள்ள சி-யைப் பிடித்தார், அங்கேயே கொஞ்சம் உலாவிவிட்டு வந்தார். கொழுத்த, வட்டமான சத்தம். "மூணாவதை அடிச்சிடுப்பா. அது டிரம்பெட் இல்ல, நீதான்" என்றார். அடித்தேன். "ரெண்டாவது பாதி நீ, பாதி இது. முதலாவதுக்கு நிஜமாவே வேற கருவி வேணும்." நீங்களும் யாராவது நன்றாக ஊதுகிறவரிடம் இப்படிக் கொடுத்துப் பாருங்கள். கருவியின் குறை எது, உங்கள் குறை எது என்று தெரியாமல் வாங்கப் போனால் என் ஏழு வாரக் கதைதான்.

மௌத்பீஸையும் டிரம்பெட்டையும் ஒரே சமயத்தில் மாற்றாதீர்கள். எது எதைச் செய்தது என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது. மௌத்பீஸ் எண்களில் ஒரு குழப்பம் வேறு உண்டு. பாக் நிறுவனத்தின் எண் குறையக் குறைய உள்விட்டம் அகலம்: 7சி-யை விட 3சி அகலம். யமஹாவில் நேர் எதிர்: 11பி4-ஐ விட 16சி4 அகலம். எழுத்தும் தலைகீழ்தான். பாக்கில் ஏ ஆழமான கிண்ணம், எழுத்து போகப் போக ஆழம் குறையும். யமஹாவில் ஏ ஆழம் குறைந்தது, போகப் போக ஆழம் கூடும். 7சி-க்கும் 3சி-க்கும் உள்விட்டத்தில் வித்தியாசம் 0.1 மில்லிமீட்டர்தான் என்று அட்டவணையில் இருக்கும். உதட்டில் வைத்தால் வேறு வேறு வாசல் மாதிரி இருக்கும், ஏனென்றால் விளிம்பின் வளைவும் வேறு. ஒன்றைத் தேர்ந்து மூன்று மாதமாவது அதிலேயே ஊதுங்கள். உதட்டுத் தசை திரும்பி வர அந்தக் காலம் எப்படியும் வேண்டும். டிரம்பெட்டுக்கு அதன் பிறகு போகலாம்.

'எல்லாத்துக்கும் ஆகும்' கருவி என்று கேட்டால் அதன் அளவுகளைச் சொல்லிவிடலாம். பி ஃப்ளாட் டிரம்பெட், போர் 0.459 அங்குலம், அதாவது 11.65 மில்லிமீட்டர், இதை மீடியம் லார்ஜ் என்பார்கள், பெல் வாய் 123 மில்லிமீட்டர் சுற்றுவட்டாரம், நடுத்தர எடை. பாக் ஸ்ட்ராடிவேரியஸ் 180, 37-ஆம் எண் பெல்லோடு வருவது இந்த வகை. யமஹாவில் ஒய்டிஆர்-8335, ஜீனோ என்று பெயர். கெட்ஸன் 900 எட்டர்னாவும் இதே வட்டாரம். இவ்வளவு உயரம் ஏற வேண்டியதில்லை என்பவர்களுக்கு யமஹா ஒய்டிஆர்-4335ஜி: போர் அதே 11.65, பெல் கோல்டு பிராஸ், வால்வு மோனெல். மோனெல் என்பது நிக்கலும் செம்பும் கலந்த உலோகம், அரிப்பைத் தாங்கும். பேண்டு, தேவாலயம், ஜாஸ், கல்யாணம் எங்கே எடுத்துப் போனாலும் இந்த அளவு கருவிகள் தலைகுனிய வைக்காது. பாக்கின் 72 மாதிரி அகலமாக விரியும் பெல், கனமான வால்வு மூடிகள், லீட், அதாவது பேண்டில் உச்ச ஸ்தாயி முதல் பகுதி வாசிப்பவர்களுக்கென்று இழைத்த லேசான கருவி இவையெல்லாம் ஒரு வேலைக்கு என்று பிறந்தவை. இரண்டாவது கருவியாக வாங்கிக்கொள்ளலாம்.

போர் பெரியதென்றாலே களைப்பு என்று நான் சொல்லவில்லை. லீட்பைப், பெல்லின் கழுத்து, மௌத்பீஸ் எல்லாம் சேர்ந்துதான் காற்றுக்கு எவ்வளவு தடை என்பது முடிவாகிறது. போர் பெரிதாக இருந்தும் ஊத லேசான கருவிகள் உண்டு. அதனால்தான் அட்டவணையைப் படித்து முடிவெடுக்காமல் ஊதிப் பார்க்கச் சொல்கிறேன்.

பெல்லின் உலோகம் பற்றிக் கடைக்காரர்கள் நிறையப் பேசுவார்கள். மஞ்சள் பித்தளையில் செம்பு 70 விழுக்காடு, கோல்டு பிராஸில் 85. செம்பு கூடினால் சத்தம் கொஞ்சம் உருண்டையாகும் என்பது வழக்கு. இருக்கலாம்; என் காதுக்கு மௌத்பீஸ் செய்யும் மாற்றத்தில் இது கால் பங்கு. லாக்கரா வெள்ளி முலாமா என்பதை உங்கள் வியர்வையைக் கேட்டு முடிவு செய்யுங்கள். என் கை அமிலம், வால்வு உறையின் லாக்கரை இரண்டு வருடத்தில் தின்றுவிட்டது. வெள்ளி கறுக்கும், துடைத்தால் போகும்.

பழைய கருவி வாங்குவதில் தப்பே இல்லை, கண்ணை மட்டும் அகலத் திறந்து வைத்திருங்கள். பெல்லில் நெளிவு இருந்தால் நான் கவலைப்பட மாட்டேன். லீட்பைப்பில் நெளிவு இருந்தால் எழுந்து வந்துவிடுவேன். காற்று நுழையும் முதல் இடம் அது, அங்கே சின்ன மாற்றமும் சுருதியில் தெரியும். டியூனிங் ஸ்லைடைக் கழற்றி, லீட்பைப்பின் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். வெளிப்புறத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். பித்தளையிலிருந்து துத்தநாகம் அரித்துப் போனால் செம்பு மட்டும் மிஞ்சி, இளஞ்சிவப்புப் புள்ளிகள் தெரியும், நடுவில் கறுத்திருக்கும். ரெட் ராட் என்பது இதுதான். ஒருவர் வீட்டில் பார்த்த கருவியில் அம்மை போட்ட மாதிரி ஏழெட்டுப் புள்ளி. "அழுக்கு சார், துடைச்சா போயிடும்" என்றார். துணியை வாங்கித் துடைத்தேன். போகவில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். லீட்பைப்பை மாற்ற முடியும், ஆனால் அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கு போட வேண்டும்.

வால்வுக்கு ஒரு சோதனை. எதையும் அழுத்தாமல் மூன்றாவது ஸ்லைடை மெல்ல வெளியே இழுத்துப் பிடியுங்கள். எட்டு பத்து விநாடி எண்ணுங்கள். பிறகு மூன்றாவது வால்வை அழுத்துங்கள். 'டப்' என்று கேட்டால் பிஸ்டன் இன்னும் காற்றைப் பிடித்து வைத்திருக்கிறது. சத்தமே இல்லையென்றால் காற்று கசிந்துவிட்டது, வால்வு தேய்ந்திருக்கிறது. முதல் ஸ்லைடுக்கும் இப்படியே. அண்மையில் கெட்டியான எண்ணெய் போட்டிருந்தால் தேய்ந்த வால்வும் டப் என்னும், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1979-இல் மூடிய ஓல்ட்ஸ் நிறுவனத்தின் அம்பாசடர் மாதிரிப் பழைய கருவிகள் இன்றும் நன்றாகப் பேசுகின்றன. வால்வு உயிரோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இனி ஊதிப் பார்ப்பது. உங்கள் மௌத்பீஸையும் பழைய டிரம்பெட்டையும் கூடவே கொண்டு போங்கள். பழையதில் கால் மணி நேரம் ஊதி உதட்டைச் சூடாக்குங்கள். பிறகு புதியது இரண்டு நிமிடம், பழையது ஒரு நிமிடம் என்று மாற்றி மாற்றி ஊதுங்கள். கடைக்குள் போனதும் உச்ச ஸ்தாயியில் கத்தத் தோன்றும், எனக்கும் தோன்றியது. அதை அடக்கிக்கொண்டு, இரண்டாம் கோட்டு ஜி-யை நாக்கு போடாமல், மூச்சு மட்டும் கொடுத்து, மிக மெதுவாகத் தொடங்குங்கள். காற்று போன கணமே ஸ்வரம் வருகிறதா? பத்து முறை ஊதினால் எத்தனை முறை வருகிறது? எண்ணுங்கள். என் பழையதில் நாலு; அந்த ஏழு வாரக் கருவியில் ஐந்து; இப்போது வைத்திருப்பதில் ஒன்பது.

சுருதி பார்க்கும்போது, சுருதி காட்டும் டியூனரைப் பார்த்துக்கொண்டே ஊதாதீர்கள், உதடு முள்ளின் பின்னாலேயே ஓடும். கண்ணை மூடி ஊதி, ஸ்வரம் நிலைத்த பிறகு கண்ணைத் திறங்கள். கோடுகளின் நான்காம் இடைவெளியில் உள்ள ஈ எந்த டிரம்பெட்டிலும் தாழும் சுபாவம் கொண்டது. அது ஐந்தாவது ஹார்மோனிக் (குழாயில் தானாக எழும் ஸ்வர வரிசையில் ஐந்தாவது), இயற்கையிலேயே 14 சென்ட், அதாவது அரை ஸ்வரத்தில் கிட்டத்தட்ட ஏழில் ஒரு பங்கு, கீழே. 2 அழுத்தும் ஈ ஃப்ளாட்டும் 1 அழுத்தும் டி-யும் அதே குடும்பம். நல்ல கருவியில் கொஞ்சம் தாங்கிப் பிடித்தால் ஏறி வந்துவிடும். பிடிவாதமாக நின்றால் வேண்டாம். பிறகு கீழ் டி, சி ஷார்ப். மூன்றாவது ஸ்லைடின் வளையத்தில் உங்கள் இடது மோதிர விரல் இயல்பாக உட்காருகிறதா, ஊதிக்கொண்டே அரை நொடியில் நீட்ட முடிகிறதா என்று பாருங்கள். முதல் ஸ்லைடில் கட்டைவிரல் கொக்கியும் அப்படித்தான். இது கையின் அளவு சம்பந்தப்பட்டது, வேறு யாரும் உங்களுக்காகச் சொல்ல முடியாது.

தூரத்தில் ஒருவரைத் திரும்பி உட்காரச் சொல்லி இரண்டு கருவியையும் ஊதிக் காட்டினேன். எனக்கு மலைக்கும் மடுவுக்கும் இருந்த வித்தியாசம் அவருக்கு "ரெண்டும் ஒண்ணுதானே?" முதலில் மனம் சுருங்கியது. பிறகு யோசித்தால் நிம்மதி. கேட்கிறவருக்குப் பெரிய வித்தியாசம் இல்லையென்றால், ஊதுகிறவனுக்கு எது சுலபமோ அதை எடுத்துக்கொள்ளலாம்.

கடைசிச் சோதனையைக் கடையில் செய்ய முடியாது. ஒரு வாரம் வைத்துப் பார்த்துத் திருப்பித் தரலாமா என்று கேளுங்கள். ஒப்புக்கொள்ளாதவரிடம் நான் இப்போது வாங்குவதில்லை. முழு ஒத்திகையை அதிலேயே ஊதி முடித்து, எல்லாரும் நாற்காலி மடக்கும்போது, உதடு துவண்டு தொங்கும் அந்த நேரத்தில் மறுபடி அந்த ஜி-யை மெதுவாக ஊதுங்கள். நான் இப்போது ஊதும் 0.459 போர் கருவியை அப்படித்தான் தேர்ந்தேன். அன்று மேல் ஸ்தாயி போய்விட்டிருந்தது, ஆனால் ஜி வந்தது, நடுங்காமல்.

பழையதை விற்காதீர்கள். வெளியூர், வெயில், கூட்டம் என்றால் அதை எடுத்துப் போகலாம். புதியதின் வால்வுக்கு முதல் சில வாரம் தினமும் எண்ணெய் போடுங்கள். ஒரே வகை எண்ணெயாகப் பாருங்கள், செயற்கை எண்ணெயையும் பெட்ரோலிய எண்ணெயையும் கலந்தால் பிசுபிசுக்கலாம். பிஸ்டனைத் திரும்பப் போடும்போது எண்ணைப் பார்த்துப் போடுங்கள். ஒருநாள் நான் ஒன்றையும் மூன்றையும் மாற்றிப் போட்டுவிட்டு, காற்றே போகவில்லையே என்று பத்து நிமிடம் மௌத்பீஸுக்குள் குச்சி விட்டுக் குடைந்துகொண்டிருந்தேன்.