போர்ச் செய்தி வந்தால் தங்கம் வாங்கலாமா? மும்பையில் கணக்குப் போட்டுப் பார்க்கும் முறை

போர் மூண்டால் தங்கம் ஏறும் என்பது பாதி உண்மைதான். தாராவியிலோ மாட்டுங்காவிலோ கல்யாண நகைக்குக் காசு சேர்த்து வைத்திருப்பவர்கள், டிவியைப் பார்த்ததும் நகைக்கடைகள் நிறைந்த ஜவேரி பஜாருக்கு ஓட வேண்டாம்.

முதலில், விலை ஏற்கெனவே ஏறிவிட்டதா என்று பாருங்கள். போர் வருமோ என்ற பயத்தில்தான் பெரிய முதலீட்டாளர்கள் என்ற பெரிய கைகள் வாங்கும். தொடங்கியதும் விற்று லாபம் பார்க்கும். 1991 ஜனவரி 17-ல் ஈராக் மீது குண்டு விழத் தொடங்கியபோது தங்கம் சரிந்தது. 2022 பிப்ரவரி 24-ல் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்தது. மார்ச் 8-ல் அவுன்ஸ் 2,070 டாலர் வரை போனது. செப்டம்பர் கடைசியில் 1,650-க்கும் கீழே! சண்டை ஓயவில்லை, அமெரிக்காவில் வட்டி ஏறியது, வட்டி தராத தங்கத்தின் மவுசு குறைந்தது, அவ்வளவுதான்.

அடுத்து ரூபாய்க் கணக்கு. போர்ப் பதற்றத்தில் கச்சா எண்ணெய் ஏறி ரூபாய் சரிந்தால், டாலரில் அசையாத தங்கமும் இங்கே ஏறும். உதாரணத்துக்கு, அவுன்ஸ் 3,000 டாலர், டாலர் 85 ரூபாய் என்று வையுங்கள். ஒரு அவுன்ஸ் 31.1035 கிராம். 3,000 × 85 ÷ 31.1035 = கிராம் 8,198 ரூபாய். 6 சதவீத இறக்குமதி வரி சேர்த்தால் 8,690. (2024 ஜூலைக்கு முன் வரி 15 சதவீதம், வாங்கும் நாளில் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.) 22 காரட்டில் சுத்தத் தங்கம் 91.6 சதவீதம்தான், அதனால் 0.916-ஆல் பெருக்கினால் 7,960; பவுன் 63,680 சொச்சம். செய்கூலியும் 3 சதவீத ஜிஎஸ்டியும் தனி. பலர் சறுக்கும் இடம்: மும்பையில் 10 கிராமுக்கு விலை சொல்வார்கள், நாம் 8 கிராம் பவுனில் நினைப்போம்.

வந்த விடையைச் சந்தை விலையோடு ஒப்பிடுங்கள். விலை திடீரென எகிறினால் நகை வாங்குவோர் ஒதுங்குவார்கள், பழைய நகை விற்க வரும். அப்போது மொத்த வியாபாரிகள் கணக்கு விலைக்கும் கீழே, டிஸ்கவுன்டில் தருவார்கள். உலகமே தங்கத்தைத் துரத்தும்போது இங்கே தேவை படுத்திருப்பதற்கு அதுதான் அடையாளம்.

வெள்ளியைத் தங்கத்தின் தம்பியாக நினைக்காதீர்கள். அதில் பாதிக்கு மேல் தொழிற்சாலைக்குப் போகிறது. போரால் உற்பத்தி படுத்தால் வெள்ளியும் படுக்கும். பல்லேடியம் என்ற விலை உயர்ந்த உலோகத்தில் கதையே வேறு: சுரங்க உற்பத்தியில் சுமார் 40 சதவீதம் ரஷ்யாவுடையது. அதனால்தான் 2022 மார்ச்சில் அவுன்ஸ் 3,400 டாலரைத் தாண்டியது. அது சப்ளை நின்றுவிடுமோ என்ற பயம்.

நீண்ட காலத்துக்குத் தங்கத்தின் தேவையைத் தாங்குவது மத்திய வங்கிகள். ரஷ்யாவின் டாலர், யூரோ கையிருப்பை மேற்கு நாடுகள் முடக்கிய 2022-ல் அவை 1,000 டன்னுக்கு மேல் வாங்கின.

பயத்துக்காகத்தான் வாங்குகிறீர்கள் என்றால் நகை வேண்டாம். 24 காரட் தங்கக் காசாக, இரண்டு மூன்று தடவையாகப் பிரித்து வாங்குங்கள். நகையை விற்கும்போது செய்கூலியும் சேதாரமும் திரும்பி வராது.