ரெண்டு கிராபிக்ஸ் கார்டு போட்ட பிசியை கூலா வெச்சுக்கிறது எப்படி (மலைநாட்டுல இருக்கவங்களுக்கும்தான்)

"நுவரெலியாவுல இருந்துகிட்டு பிசி சூடாகுதுன்னு சொல்றியே"ன்னு கொழும்புல இருக்க கூட்டாளிமாரு கேக்குறாங்க. சூடாகுது. ரூம்ல 16 டிகிரி, ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன், ஆனா பிளெண்டர்ல (3டி படம் செய்யிற சாஃப்ட்வேர்) ரென்டர் போட்டா, அதாவது சீனை முழுப் படமா கணக்குப் போட்டு எடுக்க விட்டா, மேல இருக்க கார்டு 84ல போய் நின்னுச்சு, கீழ இருக்க கார்டு 68தான். ரெண்டும் ஒரே மாடல், ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி. வெளிய எவ்வளவு குளிரா இருந்தாலும் மேல் கார்டுக்கு அந்தக் குளிர் போய்ச் சேரல, கீழ் கார்டு கக்குற சூட்டைத்தான் அது இழுத்துக்கிட்டு இருந்துச்சு. இப்ப சரி பண்ணிட்டேன், எப்படின்னு வரிசையா சொல்றேன். கார்டை ஸ்லாட்ல மாட்டுறது, டிரைவர் போடுறதெல்லாம் உங்களுக்குத் தெரியும்னு எடுத்துக்கிறேன்.

1. முதல்ல வியாதி எங்கன்னு பாருங்க

புது ஃபேன் வாங்க ஓடாதீங்க. ஹெச்டபிள்யூஇன்ஃபோன்னு டெம்பரேச்சர் காட்டுற சாஃப்ட்வேர் இருக்கு, இலவசம்தான், அதைத் திறந்து வெச்சுட்டு ஒரு அரை மணி நேரம் ரென்டர் ஓட விடுங்க, ரெண்டு கார்டோட டெம்பரேச்சரையும் எழுதி வைங்க. அப்புறம் கேசிங்கோட பக்கக் கதவைக் கழட்டிட்டு அதே ரென்டரை திரும்ப ஓட விடுங்க. ரெண்டு கார்டும் நல்லா இறங்குச்சுன்னா கேசிங்குக்குள்ள காத்து போதாது. கீழ் கார்டு இறங்கி மேல் கார்டு மட்டும் பெருசா அசையலன்னா பிரச்சினை ரெண்டு கார்டுக்கும் நடுவுல இருக்க இடைவெளி. இந்த ஒரு டெஸ்ட் பண்ணாம எதுக்கும் காசு செலவழிக்காதீங்க, நான் திரும்பத் திரும்ப சொல்றது இதுதான்.

2. இடைவெளி

ஸ்லாட்டுக்கு ஸ்லாட் தூரம் 20 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. ரெண்டு ஸ்லாட் தடிப்புள்ள கார்டை மூணு ஸ்லாட் தள்ளி மாட்டுனா நடுவுல ஒரு ஸ்லாட் அளவு, அதாவது 20 மில்லிமீட்டர் கிடைக்கும், அது போதும். ரெண்டரை ஸ்லாட் கார்டுன்னா பாதிதான் மிஞ்சும், கஷ்டம். மதர்போர்டுல இன்னும் கீழ ஒரு நீள ஸ்லாட் இருந்தா ரெண்டாவது கார்டை அங்க இறக்குங்க. அந்த ஸ்லாட் நாலு லேன்ல (டேட்டா போற பாதை, மேல் ஸ்லாட்டை விட கம்மி) ஓடுனாலும் ரென்டருக்கு பெரிய நஷ்டம் இல்ல, ஏன்னா சீன் ஒரு தடவை கார்டு மெமரிக்குள்ள ஏறிட்டா அப்புறம் வேலை அங்கேயே நடக்கும். (ரெண்டு 12 ஜிபி சேர்ந்து 24 ஆகாது, ஒவ்வொரு கார்டுலயும் முழு சீனும் ஏறணும். இதையும் நிறைய பேர் கேக்குறாங்க.)

ரெண்டும் வேற வேற மாடல்னா கரண்ட் கம்மியா இழுக்குறதை மேல போடுங்க. இனிமேத்தான் வாங்கப் போறீங்கன்னா, ஒட்டி ஒட்டி மாட்டுறதுக்கு புளோவர் டைப் கார்டுதான் நல்லதுன்னு சொல்வேன், சத்தம் கூடத்தான், ஆனா சூட்டை நேரா கேசிங்குக்கு வெளிய தள்ளிடும். ரெண்டு மூணு ஃபேன் வெச்ச சாதாரண கார்டெல்லாம் பெரும்பாலும் உள்ளுக்குள்ளயேதான் கக்கும்.

3. ஃபேன்

முன்னால உள்ள இழுக்க ரெண்டு 140 மில்லிமீட்டர் ஃபேன், பின்னால ஒண்ணு, மேல ஒண்ணு வெளிய தள்ள. கீழ இடம் இருந்தா அங்கயும் உள்ள இழுக்குறதுக்கு ஒண்ணு. அவ்வளவுதான். அதோட ஒரு 120 ஃபேனை எடுத்து ரெண்டு கார்டுக்கும் நடுவுல காத்து அடிக்கிற மாதிரி முன்பக்கமா கேபிள் டை போட்டுக் கட்டுங்க, ஹார்ட் டிஸ்க் கூண்டு காலியா இருந்தா அதுலயே கட்டலாம். பாக்க அழகா இருக்காது, ஆனா எனக்கு மேல் கார்டை இறக்குனதுல பெரிய பங்கு இதுக்குத்தான்.

4. இங்கதான் எனக்கு ரொம்ப நேரம் போச்சு

ஃபேன் எல்லாம் மாட்டியாச்சு, ஆனாலும் சூடு சொல்ற மாதிரி குறையல. காரணம் என்னன்னா போர்டு வழக்கமா கேசிங் ஃபேனை சிபியு டெம்பரேச்சரைப் பாத்துத்தான் சுத்த விடும். கிராபிக்ஸ் கார்டுல ரென்டர் ஓடும்போது சிபியு சும்மா 45 டிகிரில படுத்திருக்கும், அதனால கார்டு ரெண்டும் கொதிச்சாலும் கேசிங் ஃபேன் மெதுவாத்தான் சுத்தும். பயாஸ்ல (போர்டோட சொந்த செட்டிங்ஸ்) இதை மாத்த வழி இல்லாத போர்டு நிறைய.

இதுக்கு 'ஃபேன் கன்ட்ரோல்'னே ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, போர்டு கம்பெனிங்க குடுக்குற பாரமான சாஃப்ட்வேரை விட எனக்கு இதுதான் பிடிக்கும். அதுல ரெண்டு கார்டுக்கும் தனித்தனி கர்வ் (எந்த சூட்டுக்கு எவ்வளவு வேகம்னு சொல்ற கோடு) போட்டு, மிக்ஸ்ல 'மேக்ஸ்'னு குடுத்து, அதை கேசிங் ஃபேனுக்கு குடுங்க. அப்ப எந்தக் கார்டு கூட சூடோ அதுக்கு ஏத்த மாதிரி ஃபேன் சுத்தும். 50 டிகிரில 40 சதவீதம், 75ல முழு வேகம்னு தொடங்கிப் பாருங்க.

5. பவர் லிமிட்

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர்ங்கிற கார்டு செட்டிங் சாஃப்ட்வேர்ல பவர் லிமிட்டை (கார்டு இழுக்குற கரண்டுக்கு உச்ச வரம்பு) 80 சதவீதத்துக்கு இறக்குங்க. 3060 ஒண்ணுக்கு 170 வாட், ரெண்டுக்கு 340, அதுல 68 வாட் சூடு கேசிங்குக்குள்ள வராமலேயே போயிடும், ரென்டர் நேரம் கூடுறது அந்த அளவுக்கு இருக்காது. ராத்திரி முழுக்க ரென்டர் போடுறவங்க கட்டாயம் செய்யுங்க, கரண்ட் பில்லுக்கும் நல்லது.

நம்ம ஊர் விஷயம்

நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். இங்க காத்தழுத்தம் கடல் மட்டத்தை விட ஏறக்குறைய ஐஞ்சுல ஒரு பங்கு கம்மி, அதனால ஃபேன் அதே வேகத்துல சுத்துனாலும் தள்ளுற காத்து லேசா இருக்கும், எடுத்துக்கிட்டுப் போற சூடும் கம்மி. குளிரால கிடைக்கிற லாபத்துல ஒரு பகுதி இதுலயே போயிடும். மிஸ்ட் இறங்குற நேரம் ஜன்னலைத் திறந்து வெச்சு பக்கத்துல பிசியை வைக்காதீங்க, ஓடிக்கிட்டு இருக்கும்போது பயம் இல்ல, ஆஃப் பண்ணி ஆறுன பிறகுதான் ஈரம் படியும். லயத்து வீட்டுல விறகடுப்பு பக்கத்துல இருந்தா புகைக்கரி ஹீட்சிங்க்ல பிசுபிசுன்னு ஒட்டும், தூசி ஊதுற புளோவர் மட்டும் அடிச்சா வராது, மெல்லிய பிரஷும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் வேணும். துடைக்கும்போது கார்டு ஃபேனை விரலால பிடிச்சுக்குங்க, காத்துல வேகமா சுத்த விட்டா பேரிங் போயிடும்.

பிறகு சேர்த்தது

பண்டாரவளையில இருந்து ஒரு தம்பி, ரைசர் கேபிள் (ஸ்லாட்டை நீட்டுற கேபிள்) போட்டு ரெண்டாவது கார்டைத் தள்ளி வெச்சதுல இருந்து ஸ்கிரீன் வரலன்னு கேட்டிருந்தார். கேபிள் ஜென் 3, போர்டும் கார்டும் ஜென் 4 (ஸ்லாட்டோட வேகத் தலைமுறை, 4 கூட வேகம்). பழைய மாதிரி நேரா மாட்டி, பயாஸ்ல அந்த ஸ்லாட்டை ஆட்டோல இருந்து ஜென் 3க்கு மாத்தி சேவ் பண்ணிட்டு, அப்புறம் ரைசரைப் போடுங்கன்னு சொன்னேன், வேலை செஞ்சுச்சு.

ஹட்டன்ல ஒரு அக்கா, ரெண்டு கார்டுக்கும் பவர் சப்ளையில இருந்து ஒரே கேபிள்ல இருக்க ரெண்டு முனையையும் குடுத்திருக்காங்க. அப்படி வேணாம் அக்கா, கார்டுக்கு ஒரு தனி கேபிள் போடுங்க, இல்லன்னா அந்தக் கனெக்டர் சூடாகும், அந்த சூடு எந்த சாஃப்ட்வேர்லயும் தெரியாது.