கிருமியில்லாச் சீழ்: மலையூரில் சீழ்க் கொப்புளச் சொரியாசிஸை எதிர்கொள்வது எப்படி

காய்ச்சலோடு தோல் சிவந்து, அதன்மேல் குண்டூசித் தலையளவில் சீழ்க் கொப்புளங்கள் கிளம்பினால், கிருமி புகுந்துவிட்டது என்றே எவரும் நினைப்பர். உடல் முழுதும் பரவும் சீழ்க் கொப்புளச் சொரியாசிஸ் என்னும் அரிய நோயில், அந்தச் சீழ் கிருமியால் உண்டாவதன்று. பிறருக்கு ஒட்டுவதும் இல்லை. ஆகவே நோயாளிக்குத் தனித் தட்டு, தனிப் பாய் என்று ஒதுக்கி வைப்பதை முதலில் நிறுத்துங்கள்.

உள்ளே நடப்பதை அறிந்தால் சிகிச்சையின் காரணம் விளங்கும். தோலின் மேலடுக்குச் செல்கள் ஆபத்தை உணரும்போது வெளியிடும் இன்டர்லூகின்-36 என்னும் புரதம், அருகிலுள்ள செல்களில் சைகையை வாங்கிக்கொள்ளும் ஏற்பியில் பொருந்தி, நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்களைத் தோலுக்கு வரவழைக்கிறது. அதே ஏற்பியில் தான் அமர்ந்துகொண்டு இந்த அழைப்பைத் தடுக்கும் புரதமும் நம் உடலில் உண்டு. அதன் மரபணுவில் பிழை இருப்பதைத் துனீசியக் குடும்பங்களில் 2011இல் கண்டறிந்தார்கள்; எல்லா நோயாளிகளிடமும் அப்பிழை இருப்பதில்லை. தடுப்பு இல்லாதபோது, வந்து குவிந்த நியூட்ரோஃபில்களின் நொதிகளே இன்டர்லூகின்-36ஐ மேலும் வீரியமாக்குவதால், குன்னூர் மலைப்பாதையில் பிரேக் பிடிக்காத வண்டிபோல் அழற்சி வேகமெடுக்கிறது.

தொற்றும் கர்ப்பமும் நோயைக் கிளப்பக்கூடும். ஆனால் நான் மிகவும் அஞ்சுவது, ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென நிறுத்துவதைத்தான். கோயம்புத்தூர் மருத்துவரிடம் போய்வர ஒரு நாள் ஆகும் ஊர்களில், மாத்திரை தீர்ந்ததும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண்சரிந்து பாதை அடைபடும் என்பதால், அதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுக் கூடுதல் மாத்திரை வாங்கி வையுங்கள்.

கொப்புளம் வந்தால் குத்தாதீர்கள். மஞ்சளோ வேப்பிலையோ அரைத்துப் பூசாதீர்கள். சிவந்த தோல் வெப்பத்தையும் நீரையும் விரைவாக இழக்கும். உறைபனிக் காலத்தில் இது இன்னும் ஆபத்தானது. மணமில்லாத வாசலின் தடவி, பழைய பருத்தி வேட்டியைச் சுற்றி, அதற்கு மேலேயே கம்பளியைப் போர்த்துங்கள். சில நாள்களில் கொப்புளங்கள் உலர்ந்து உதிர்ந்துவிடும் என்பதால், மருத்துவரிடம் காட்ட உடனே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நடுக்கமோ மூச்சுத்திணறலோ இருந்தால், சிறுநீர் குறைந்தால், விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். இதுவரை சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டைகளைக் கையோடு கொண்டுபோங்கள். அங்கே இரத்த அணுக்கள், கால்சியம், சிறுநீரகச் செயல்பாடு ஆகியவற்றைப் பார்ப்பார்கள். இன்டர்லூகின்-36 ஏற்பியையே அடைக்கும் ஸ்பெசோலிமாப் ஊசிக்கு அமெரிக்கா 2022இல் ஒப்புதல் அளித்தது. சைக்ளோஸ்போரின், அசிட்ரெட்டின் போன்ற பழைய மருந்துகளும் உண்டு. இவற்றில் அசிட்ரெட்டின் கருவைச் சிதைக்கக்கூடியது என்பதால், கர்ப்பமாக இருந்தாலும், பிள்ளை பெறும் எண்ணம் இருந்தாலும், மருந்து எழுதுவதற்கு முன்பே அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.