மீன்கழிவில் பிளாஸ்டிக்: வன்னியில் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முல்லைத்தீவு, நாயாறு, பேசாலை, பூநகரி என்று எந்தக் கரையில் பார்த்தாலும், மீன் வெட்டி முடிய மிஞ்சுவது தலை, குடல், செதில், தோல், நண்டுக்கோது, இறால்கோது. பல இடங்களில் இவை குழியில் புதைபடும், அல்லது காகத்துக்கும் நாய்க்கும் போகும். இதே கழிவிலிருந்து பிளாஸ்டிக் போன்ற பொருள்கள் செய்யலாம் என்பது உண்மை. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்த லூசி ஹியூஸ், மீன் தோலையும் செதிலையும் சிவப்புக் கடற்பாசிப் பசையுடன் சேர்த்து மெல்லிய தாள் செய்து, 2019 இல் ஜேம்ஸ் டைசன் விருது பெற்றார். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் பிரான்செஸ்கா கேர்ட்டனின் குழு சல்மன் மீன்கழிவின் எண்ணெயிலிருந்து பொலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் செய்து 2021 இல் முடிவுகளை வெளியிட்டது. இவற்றைக் காணொளியில் பார்த்துவிட்டு, எங்கள் ஊரிலும் செய்தால் என்ன என்று மாதர் சங்கங்களும் இளைஞர்களும் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. தொடங்குகிறவர்கள் சறுக்குவது பெரும்பாலும் அதே இடங்களில்தான் என்பதால் அவற்றை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

எல்லாக் கழிவையும் ஒரே பரலில் கொட்டுவதுதான் பெரிய தவறு. மீன்கழிவு என்று ஒரு பொருள் கிடையாது. செதிலிலும் தோலிலும் இருப்பது கொலாஜன் என்ற புரதம். அதைச் சூடாக்கினால் ஜெலற்றின் வரும். நண்டு, இறால் கோதில் இருப்பது அதற்கு உறுதி தரும் கைற்றின் என்ற நார்ப்பொருள். அதைப் பதப்படுத்தினால், தாளாக வார்க்கக்கூடிய கைற்றோசன். தலையிலும் குடலிலும் எண்ணெய் இருக்கிறது. மூன்றுக்கும் வழி வேறு, முடிவில் வரும் பொருளும் வேறு. அதைவிட, குடலில் இருக்கும் சமிபாட்டு நொதியங்கள் மீன் செத்த பிறகும் வேலை செய்துகொண்டே இருக்கும். குடலோடு கிடக்கும் தோலை அவை அரித்துவிடும். நீங்கள் அடுப்பு மூட்டுமுன்னரே கொலாஜன் பாதி போய்விடும். ஆகவே, பிரிப்பது வெட்டும் மேசையில், கத்தி வேலை நடக்கும்போதே நடக்க வேண்டும். செதிலுக்கு ஒரு வாளி, கோதுக்கு ஒரு வாளி, குடலுக்கும் பூவுக்கும் (செவுளுக்கும்) ஒன்று. வெட்டுகிற அக்காமாருக்கு இது கூடுதல் வேலை. அதற்குக் கூலி கொடுக்காமல் திட்டம் போட்டால் இரண்டாம் கிழமையே எல்லாம் மறுபடி ஒரே வாளிக்குள் போகும்.

பங்குனி, சித்திரை வெயிலில் கழிவு கெட நாள் கணக்கு வேண்டாம், சில மணித்தியாலம் போதும். செதிலையும் கோதையும் அன்றன்றைக்கே கழுவி, ஒட்டியிருக்கும் சதையை நீக்கி, நன்றாகக் காயவைத்தால் மாதக்கணக்கில் வைத்திருக்கலாம். எண்ணெய் அப்படியல்ல. காற்றுப்பட்டால் காறிப்போகும். தவிர, கனடாவில் பயன்படுத்தியது கொழுப்பு நிறைந்த வளர்ப்புச் சல்மன். நம் பாரையிலும் திலாப்பியாவிலும் அவ்வளவு எண்ணெய் இல்லை. எண்ணெய்ச் சத்துள்ள சூடையும் சாளையும் முழுசாகவே கறிக்கும் கருவாட்டுக்கும் போய்விடுகின்றன. அந்த எண்ணெய்க்கு ஒட்சிசன் ஏற்றி, காபனீரொட்சைட்டுடன் சேர்த்து, பிறகு அமைன் என்ற நைதரசன் சேர்மத்துடன் இணைக்கும் வேலை ஆய்வுகூடத்துக்கு உரியது. என் கருத்தில், வன்னியில் ஒரு சங்கமோ சிறு தொழிலோ அந்த வழியில் இறங்கத் தேவையில்லை. குடலையும் தலையையும் கோழித்தீனுக்கும் மீன் உரத்துக்கும் விட்டுவிடுங்கள். வயலுக்கு அது நல்ல பயன்தான்.

கோதுக்கு வருவோம். ஆபத்து அதிகம் உள்ள இடம் இதுதான். நண்டுக்கோதில் பாதியளவு சுண்ணாம்பு, அதாவது கல்சியம் காபனேற்று. அதைக் கரைக்க ஐதான ஐதரோகுளோரிக் அமிலம் வேண்டும். ஒரு கிலோ காய்ந்த கோதில் அரைக் கிலோ சுண்ணாம்பு இருந்தால், அது முழுக்கக் கரையும்போது ஏறத்தாழ 120 லீற்றர் காபனீரொட்சைட்டு வெளிவரும். கோது முழுவதையும் ஒரே தடவையில் அமிலத்துக்குள் கொட்டினால் நுரை பொங்கி, வாளி விளிம்பைத் தாண்டி, காலில் வழியும். பாதி வெறுமையாக உள்ள பெரிய பிளாஸ்டிக் வாளியில், கைப்பிடி கைப்பிடியாக, ஒரு நுரை அடங்கிய பிறகு அடுத்தது என்று போட வேண்டும். அறைக்குள் வேண்டாம், திறந்த வெளியில் செய்யுங்கள்.

அடுத்து, புரதத்தை நீக்கக் கோஸ்டிக் சோடாக் கரைசல். இங்கே வீட்டு அலுமினியச் சட்டியை எடுப்பவர்கள் உண்டு. கோஸ்டிக் சோடா அலுமினியத்தைத் தின்னும், ஐதரசன் வாயு வரும், பக்கத்தில் நெருப்பு இருந்தால் வெடிக்கும். துருப்பிடிக்காத உருக்குப் பாத்திரம்தான் பொருத்தம். கரைக்கும்போதும் தண்ணீருக்குள் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சோடாவின்மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும், கண் போகும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் இந்த வேலையில் ஒருவரையும் இருத்தக்கூடாது.

இவ்வளவும் செய்தால் வருவது கைற்றின் மட்டும். அதைக் கைற்றோசன் ஆக்க 40 முதல் 50 வீதக் கோஸ்டிக் சோடாவில், 100 பாகை செல்சியசளவில், மணித்தியாலக் கணக்கில் சூடாக்க வேண்டும். வீட்டுக் குசினியில் இதைச் செய்யவே கூடாது. சங்கம் கழுவிக் காய்ந்த கோது வரைக்கும் செய்யட்டும், மிஞ்சினால் கைற்றின் வரைக்கும். கடைசிப் படியை வசதியுள்ள ஓர் ஆய்வுகூடமோ பொதுத் தொழிற்கூடமோ செய்வதே சரி. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் இருக்கின்றன. அங்கே போய்க் கேட்பது இணையத்தில் தேடுவதைவிட மேல். வந்த பொருள் சரியா என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. தண்ணீர் கலந்த வினாகிரியில் ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கி வையுங்கள். கைற்றோசன் என்றால் சவ்வரிசிக் கஞ்சி போலத் தெளிந்து குழையும். மணல் போல அடியில் தங்கினால் அது இன்னும் கைற்றின்தான். ஒரு கிலோ காய்ந்த கோதிலிருந்து 150 கிராம் கைற்றோசன் கிடைத்தால் நல்ல விளைச்சல். செலவுக் கணக்கை இந்த அளவை வைத்தே போடுங்கள்.

செதில் வேலை இதைவிட இலகு. ஆனால் கொதிக்கவிடுவது தவறு. பல மணிநேரம் கொதித்தால் ஜெலற்றினின் சங்கிலிகள் உடைந்து, தாள் தொட்டாலே பிய்யும். ஐதான அமிலத்தில் ஊறவைத்துக் கழுவிய பிறகு, 50, 60 பாகைச் சூட்டில் பொறுமையாக எடுக்க வேண்டும். குளிர்நாட்டுக் கடல்மீனை வைத்து எழுதிய அளவுகளையும் அப்படியே பின்பற்ற வேண்டாம். அந்த ஜெலற்றின் அறைச் சூட்டில் உறையாது. இரணைமடு, முத்தையன்கட்டுக் குளங்களின் திலாப்பியா வெப்பநாட்டு மீன், அதன் ஜெலற்றின் அதைவிட நன்றாக இறுகும். தாளுக்குச் சேர்க்கும் கடற்பாசிப் பசையிலும் இதே குழப்பம் வரும். அகர் என்று குறிப்பில் இருக்கும். வலைப்பாட்டுப் பக்கம் வளர்க்கும் கப்பாபைகஸ் பாசி தருவது கராஜீனன். இரண்டும் ஒன்றல்ல, அளவும் மாறும்.

தாள் மொறுமொறுப்பாக உடைகிறதே என்று கிளிசரினை அள்ளி ஊற்றுவார்கள். காய்ந்த எடையில் கால் பங்களவில் தொடங்குங்கள். கூடினால் மாரிக் காற்றில் தாள் பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டும். காயவைப்பதும் நிழலில்தான். வெயிலில் விளிம்பு சுருண்டு நடுவில் வெடிக்கும்.

அப்புறம், இதைப் பொலித்தீனுக்கு நேர்ப் பதிலாக நினைத்து முதலீடு போடாதீர்கள். ஜெலற்றின் தாள் தண்ணீரில் கரையும், கைற்றோசன் தாள் ஊதும். கைற்றோசன் சூட்டில் உருகாது, கருகிவிடும். எனவே பொலித்தீன் பை செய்யும் இயந்திரத்தில் அதைப் போட முடியாது. சோற்றுப் பார்சலுக்கு உதவாது. நாற்றுப் பைகளுக்கான கடதாசிப் பூச்சு, விதை உறை, சவர்க்காரம் சுற்றும் தாள் போன்ற உலர்ந்த வேலைகளில்தான் இதற்கு இடம் இருக்கிறது. தண்ணீர் தாங்கட்டும் என்று பொலித்தீன் குருணையோடு மீன்முள் தூளைக் கலந்து, "மக்கும் பை" என்று விற்பது மிகவும் பிழை. தூள் மக்கும், பொலித்தீன் துகளாகி நந்திக்கடலுக்குள் போகும், இறாலின் வயிற்றுக்குள் போகும். இலங்கையில் மெல்லிய பொலித்தீனுக்கும் சோற்றுத் தாளுக்கும் 2017 செப்டெம்பர் 1 முதல் தடை வந்துவிட்டது.

உறையில் "மீனிலிருந்து செய்தது" என்று தெளிவாக அச்சிடுங்கள். வற்றாப்பளைப் பொங்கலுக்கு விரதம் இருக்கிறவர் பிரசாதம் கட்ட இதை வாங்கிவிடக்கூடாது. கோதிலிருந்து செய்தது என்றால் அதையும் எழுதுங்கள், நண்டு, இறால் ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தெரிய வேண்டும். ஜெலற்றின் போதாமல் கடையில் வாங்கிக் கலந்தால், அது எந்த விலங்கினுடையது என்றும் எழுத வேண்டும். இங்கே முஸ்லிம் மக்களும் வாங்குவார்கள்.

கடைசியாகக் கழிவுநீர். அமிலக் கரைசலையும் சோடாக் கரைசலையும் தனித்தனியே கிணற்றடியில் ஊற்றாதீர்கள். அளவு பார்த்து ஒன்றை ஒன்றால் நடுநிலையாக்கலாம். அதையும் மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாகச் செய்ய வேண்டும். அப்படி ஆக்கிய நீரிலும் உப்பும் புரதமும் நிறைய இருக்கும். களப்புக்குள் விட்டால் நீரில் உள்ள ஒட்சிசன் குறைந்து மீன் சாகும். சீமெந்துத் தொட்டியில் தேக்கிச் சுத்திகரிக்க ஏற்பாடு இருந்தால்தான் வேலையைத் தொடங்கலாம். மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் பற்றியும் தொட்டி கட்டுமுன்னரே விசாரியுங்கள். கட்டிய பிறகு இடத்தை மாற்றச் சொன்னால் சங்கத்தின் காசுதான் போகும்.