பழைய ஸ்கூபா ரெகுலேட்டர்: சர்வீஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிலிண்டர் காற்றை மூச்சிழுக்க ஏற்றபடி குறைத்துத் தருவது ரெகுலேட்டர். பழைய ஒன்றின் இரண்டாம் நிலையிலிருந்து, அதாவது வாயில் வைக்கும் பகுதியிலிருந்து, ‘உஸ்ஸ்’ என்று காற்று ஒழுகுகிறது. உடனே மூடியைக் கழற்றி, லீவரை லேசாக வளைத்து, ஆரிஃபிஸை (காற்று வரும் துளையுள்ள திருகு பாகம்) இன்னும் கொஞ்சம் திருகி ஒழுகலை நிறுத்திவிடுகிறார்கள். அதிகம் நடக்கும் தவறு இதுதான். சத்தம் வருவது இரண்டாம் நிலையில் என்றாலும், கோளாறு பல நேரம் சிலிண்டர் வால்வில் மாட்டும் முதல் நிலையில் இருக்கும்.

சிலிண்டரில் 200 பார் அளவில் இருக்கும் காற்றை முதல் நிலை குறைத்து, சுற்றியுள்ள அழுத்தத்தைவிட 9 முதல் 10 பார் கூடுதலாக ஹோஸுக்குள் விடுகிறது. இதுதான் இடைநிலை அழுத்தம். இரண்டாம் நிலைகளில் பெரும்பாலானவை டவுன்ஸ்ட்ரீம் வகை: வரும் காற்று வால்வைத் திறக்கப் பார்க்கும், ஒரு ஸ்பிரிங் அதை மூடிப் பிடித்திருக்கும். முதல் நிலையின் சீட் (வால்வை அடைக்கும் மென்மையான பாகம்) தேய்ந்து இடைநிலை அழுத்தம் ஏறினால், ஒரு கட்டத்தில் ஸ்பிரிங் தோற்றுக் காற்று வெளியேறும். அந்த ஒழுகல் ஒரு எச்சரிக்கை. ஹோஸ் வெடிக்காமல் காப்பதும் அதுதான். ஸ்பிரிங்கை இறுக்கி அதை அடக்கினால் நோய் அப்படியே இருக்கும், மூச்சிழுப்பதும் கடினமாகும்.

ஆகவே ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் இடைநிலை அழுத்த கேஜ். பிசிடி எனப்படும் மிதவைச் சட்டைக்குக் காற்று நிரப்பும் இன்ஃப்ளேட்டர் ஹோஸின் முனையில் மாட்டுகிற சின்னப் பொருள்தான். அது இல்லாமல் ரெகுலேட்டரைத் திறப்பவரிடம் என் ரெகுலேட்டரைக் கொடுக்க மாட்டேன். கேஜை மாட்டி, வால்வை மெல்லத் திறந்து, இரண்டாம் நிலையின் மூடியில் காற்றைத் திறந்துவிடும் பர்ஜ் பட்டனை நாலைந்து முறை அழுத்தி விடுங்கள். முள் ஒவ்வொரு முறையும் கீழே விழுந்து, சட்டென்று ஏறி, ஒரே இடத்தில் நிற்க வேண்டும். 9.3-இல் நின்று ஓரிரு நொடியில் 9.4 ஆகி அங்கேயே அடங்கினால் பொறுத்துக்கொள்ளலாம். 9.3, 9.6, 10 என்று நிற்காமல் ஊர்ந்துகொண்டே போனால் சீட்டோ, அது உட்காரும் கூரான உலோக விளிம்போ கெட்டிருக்கிறது. கழற்றி, பத்து மடங்கு லென்ஸில் டார்ச் அடித்துப் பாருங்கள். சீட்டில் சீரான வட்டத் தடம் இருப்பது இயல்பு. அந்த வட்டத்தைக் குறுக்கே வெட்டும் மயிரிழைக் கீறல் போதும், ஊர்வதற்கு. கீறல் விளிம்பிலேயே இருந்தால் புதிய சீட்டும் சில நாளில் பழையபடி ஆகிவிடும்.

இந்தச் சோதனையின்போது இரண்டாம் நிலையைக் கழற்றி வைத்துவிட்டு கேஜை மட்டும் மாட்டுவது ஆபத்து. சீட் கசிந்தால் அழுத்தம் வெளியேற வழியே இருக்காது. பழைய அப்ஸ்ட்ரீம் வகை இரண்டாம் நிலைகளில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. அங்கே அழுத்தம் ஏற ஏற வால்வு இன்னும் இறுகத்தான் செய்யும். அதனால்தான் அவற்றோடு தனி ரிலீஃப் வால்வு வரும். ‘இது எதற்கு, சும்மா கசிகிறது’ என்று அதைக் கழற்றிப் பிளக் போட்டவர்கள் உண்டு. போடாதீர்கள்.

எந்த சிலிண்டரில் வைத்து அளக்கிறீர்கள் என்பதும் முக்கியம். பேலன்ஸ்டு முதல் நிலையில் சிலிண்டர் நிறைந்திருந்தாலும் காலியாகிக்கொண்டிருந்தாலும் இடைநிலை அழுத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். பழையவற்றில் பேலன்ஸ் இல்லாதவை நிறைய. பேலன்ஸ் இல்லாத பிஸ்டன் வகையில் சிலிண்டர் காலியாகக் காலியாக இடைநிலை அழுத்தம் இறங்கும்; பேலன்ஸ் இல்லாத டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு) வகையில் அதற்கு நேர்மாறாக ஏறும். முன்னதை 60 பார் சிலிண்டரில் வைத்து டியூன் செய்தால் மேசையில் சமர்த்தாக இருக்கும், நிறைந்த சிலிண்டரில் மாட்டியதும் சீறும். எனவே பிஸ்டன் வகைக்கு இரண்டாம் நிலையை நிறைந்த சிலிண்டரிலும், அந்த டயாஃப்ரம் வகைக்குக் குறைந்த அழுத்தத்திலும் சரிசெய்ய வேண்டும். எந்த வகையானாலும் கடைசியில் நிறைந்த சிலிண்டர், குறைந்த சிலிண்டர் இரண்டிலும் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது, பழையதற்கே உரிய ஆபத்து: ஹோஸ்களைத் திருகும் துளைகள், அதாவது போர்ட்டுகள். இன்றைய முதல் நிலைகளில் உயர் அழுத்த போர்ட் 7/16 அங்குலம், தாழ் அழுத்த போர்ட் 3/8 அங்குலம். மாற்றி மாட்ட முடியாது. பழைய பல மாடல்களில் இரண்டுமே 3/8. தாழ் அழுத்த ஹோஸ் உயர் அழுத்த போர்ட்டில் அழகாகத் திருகி உட்கார்ந்துவிடும்; வால்வைத் திறந்ததும் 10 பாருக்கு உருவான பாதையில் 200 பார் பாயும். போர்ட்டின் பக்கத்தில் எழுத்துப் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மாடலின் வரைபடத்தைப் பார்க்காமல் எதையும் மாட்டாதீர்கள். மிகப் பழைய சிலவற்றில் தாழ் அழுத்த போர்ட் ஒன்றே ஒன்றுதான். ஆக்டோபஸுக்கும் (உபரி இரண்டாம் நிலை) இன்ஃப்ளேட்டருக்கும் இடமே இல்லை. அதற்கு அடாப்டர்களை அடுக்குவதைவிட, அந்த ரெகுலேட்டரை அலமாரியில் வைத்து அழகு பார்க்கலாம்.

உள்ளே போனால் எஃகுக் கொக்கிதான் முதல் எதிரி. ரெகுலேட்டர் உடல் பெரும்பாலும் குரோம் பூசிய பித்தளை. எஃகு முனை அதை எளிதில் கீறும். ஓ-ரிங்கை (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) வெளியே எடுக்கும்போது அது உட்காரும் பள்ளத்தில் விழும் கீறலைப் புது ஓ-ரிங்கால் மூட முடியாது. பித்தளை அல்லது பிளாஸ்டிக் கொக்கி வைத்துக்கொள்ளுங்கள். அளவு பொருந்துகிறதே என்று ஏதோ ஒரு ஓ-ரிங்கைப் போடுவதும் கூடாது: உயர் அழுத்தம் தாங்கும் இடத்தில் பொதுவாக 90 டியூரோமீட்டர் கடினத்தன்மை கேட்பார்கள், அங்கே 70 போட்டால் பிதுங்கி நைந்துவிடும். பிஸ்டன் தண்டை ஓ-ரிங்குக்குள் செருகும்போது வழிகாட்டி முனையைப் பயன்படுத்தாவிட்டால், புதிய ஓ-ரிங் பொருத்தும்போதே வெட்டுப்படும்.

பெட்ரோலியம் கலந்த எந்த எண்ணெயும் கிரீஸும் கிட்டவே வரக்கூடாது. ரப்பர் ஊதிப்போகும் என்பது ஒரு காரணம். உயர் அழுத்த ஆக்சிஜனோடு சேர்ந்தால் தீப்பிடிக்கும் என்பது பெரிய காரணம். 40 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன் உள்ள கலவைக்கு சிலிக்கோன் கிரீஸும் ஆகாது. ஆக்சிஜனுக்கென்றே வரும் கிரீஸ் வேண்டும், பாகங்களும் அதற்கேற்பச் சுத்தமாக இருக்க வேண்டும். சிலிக்கோன் ரப்பரில் செய்த டயாஃப்ரத்துக்கு சிலிக்கோன் கிரீஸ் தடவாதீர்கள், அதுவும் ஊதும்.

சுத்தம் செய்வதற்கு முன் ஃபில்டரைப் பாருங்கள். பச்சை படிந்திருந்தால் உப்புநீர் உள்ளே போயிருக்கிறது, பெரும்பாலும் டஸ்ட் கேப் போடாமல் கழுவிய வேலை. செம்பழுப்பு எஃகு சிலிண்டரின் துரு. சாம்பல் வெள்ளைப் பொடி அலுமினிய சிலிண்டரிலிருந்து. கறுப்பாக இருந்தால் கம்ப்ரஸரின் கரி ஃபில்டரைச் சந்தேகிக்கலாம். ஃபில்டரைக் கழுவித் திருப்பிப் போடுவது வீண் சிக்கனம். பித்தளைப் பாகங்களுக்கு வெந்நீரில் கலந்த வினிகர் போதும், ஆனால் இரவு முழுக்க ஊறவிட்டால் குரோம் உரியும். சில நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து, நல்ல நீரில் அலசி, உலர்த்த வேண்டும். ரப்பரும் அனோடைஸ் செய்த அலுமினியமும் அந்தக் கிண்ணத்துக்குள் போகக்கூடாது.

முதல் நிலை ஒழுங்கானபின்தான் இரண்டாம் நிலை. ஆரிஃபிஸைத் திருகும்போது பர்ஜ் பட்டனை அழுத்திப் பிடித்திருங்கள். இல்லாவிட்டால் ஆரிஃபிஸின் விளிம்பு சீட்டின் மேல் அரைத்து வெட்டிவிடும். ஒழுகல் நின்றதும் அரைக்கால் சுற்று கூடுதலாக, அவ்வளவுதான். லீவரின் உயரம் இப்போதும் தவறாக இருந்தால் எங்கோ ஒரு பாகம் தப்பு. லீவரை வளைப்பது விடையல்ல. பிறகு ஒரு பாத்திரத் தண்ணீரில், மவுத்பீஸ் மேலே பார்க்க, பர்ஜ் மூடி கீழே இருக்க, மெல்ல இறக்குங்கள். டயாஃப்ரம் நீர்மட்டத்துக்குக் கீழே 2.5 முதல் 4 செ.மீ. போகும்போது சீறத் தொடங்கினால் சரி. ஒரு சென்டிமீட்டரிலேயே சீறுவதைச் சாதனையாக நினைப்பவர்கள், நீரில் குதித்ததும் காற்று கொட்டுவதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆக்டோபஸைச் சற்று இறுக்கமாகவே வையுங்கள்.

ஹோஸ்களில் முனையுறையைப் பின்னால் தள்ளிப் பாருங்கள், வெடிப்பும் துருவும் அதற்கடியில்தான் ஒளிந்திருக்கும். முதல் நிலையில் டஸ்ட் கேப்பை இறுக மூடி மவுத்பீஸில் உறிஞ்சுங்கள். காற்று வந்தால் வெளியேற்று வால்வோ டயாஃப்ரமோ போய்விட்டது, நீருக்குள் அது தண்ணீராக வாய்க்கு வரும். முதல் முங்கல் ஆழமில்லாத நீரில், இன்னொருவர் துணையோடு. திரும்பி வந்ததும் கேஜை மீண்டும் மாட்டிப் பாருங்கள். புதிய சீட் இப்போதுதான் படிந்திருக்கும், முள் சற்று இடம் மாறியிருக்கலாம். எடுத்து வைக்கும்போது, மூச்சு எளிமையைக் கூட்டிக்குறைக்கும் திருகு இருந்தால் அதை முழுவதும் வெளியே தளர்த்திவிடுங்கள். இறுக்கி வைத்தால் மாதக்கணக்கில் சீட்டின் மேல் ஆரிஃபிஸ் அழுந்திக் குழி விழும்.