கறிக்கோழித் தண்ணீரில் அமிலம்: அளவு பாட்டிலில் இல்லை, பக்கெட்டில் இருக்கிறது

சேலம், ஓமலூர் பக்கம் பல இடங்களில் போர் தண்ணீர் கடினம். அதிலுள்ள பைகார்பனேட் உப்பு, கிருமியைக் குறைக்க ஊற்றும் அமிலத்தை முதலில் விழுங்கிவிடும். பாட்டிலில் அச்சிட்ட அளவை ஊற்றியும் பிஹெச் (புளிப்பின் அளவு; எண் குறைந்தால் புளிப்பு அதிகம்) அசையாமல் நிற்பது இதனால்தான்.

பக்கெட்டில் 10 லிட்டர் பிடித்து, அமிலக் கலவையை 1 மில்லியாக விட்டுக் கலக்கி, 5 நிமிடம் கழித்து பிஹெச் தாளில் பாருங்கள். 5.5–6 வந்ததும் நிறுத்துங்கள். 1000 லிட்டர் தொட்டிக்கு அதைப்போல 100 மடங்கு. 4-க்குக் கீழே இறக்கினால் கோழி தண்ணீரைக் குறைக்கும், கூடவே தீவனமும் குறையும். ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் அரிப்பது தனிச் செலவு.

ஃபார்மிக், புரோபியோனிக் அமிலங்களின் வேலை பெரும்பாலும் தீனிப்பை, இரைப்பையோடு சரி. குடல் வரை போக வேண்டுமென்றால் தீவனத்தில் கொழுப்புப் பூச்சுள்ள பியூட்ரேட் (பியூட்ரிக் அமில உப்பு)தான்.

தண்ணீரில் தடுப்பூசி கொடுக்கும் நாளிலும், அதன் முன்பின் நாட்களிலும் அமிலம் கூடாது. குளோரினையும் அமிலத்தையும் நேரடியாகக் கலக்கவே கூடாது, விஷவாயு வரும். ஒரு பேட்ச் கோழி முடிந்ததும் தண்ணீர் லைனைக் கழுவுங்கள். உள்ளே படிந்த கொழகொழப்பு அமிலத்தால் கழன்று, கோழி குடிக்கும் நிப்பிளை அடைக்கும். நிப்பிள் ஒழுகி, தரையில் பரப்பிய படுக்கை (லிட்டர்) நனைந்தால் அதற்கு அமிலம் மருந்தல்ல, வாஷரை மாற்றுங்கள்.